முகநட்பும் அகநட்பும்: திருக்குறள் நோக்கிற் சமூக ஊடக நட்பு

சொற்கள் பொருளை உணர்த்துவதோடு அமைவன அல்ல; அவற்றை வழங்கும் மக்களின் வாழ்வையும் உடனுணர்த்துவன. ஒரு சொல்லின் பொருள் விரிந்தும் சுருங்கியும் திரிந்தும் வருதல் மொழிக்கு இயல்பே. 'நாற்றம்' என்னுஞ் சொல் நறுமணத்தைக் குறித்தல் ஒழிந்து தீநாற்றத்தைக் குறிக்க வந்தமையால் எவர்க்கும் இழப்பில்லை. ஆயின், பொருள் திரியுமிடத்து ஒழுக்கமும் உடன்திரியத்தக்க சொற்கள் சில உள. அறம், மானம், நட்பு என்பன அத்தகையன. ஒரு கடப்பாட்டின் பெயராயிருந்த 'நட்பு', ஒரு பட்டியலின் பெயராக மாறுமாயின், இழக்கப்படுவது சொல் மட்டுமன்று. இன்றைய சமூக ஊடகங்கள் இச்சொல்லை எவ்வாறு ஆள்கின்றன என்பதும், அவ்வாட்சி தமிழர் நட்பிலக்கணத்தின் முன் எவ்வளவுக்கு நிற்கும் என்பதும் ஆராயத்தக்கன.

2004ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஐக்கிய அமெரிக்காவின் ஹார்வாட் பல்கலைக்கழக மாணவர்க்கென மார்க் சக்கர்பேர்க் என்னும் மாணவர் தம் தோழர் சிலரோடு தொடங்கிய வலைத்தளமே பேஸ்புக். மாணவர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுமாறு முகப்படங்களோடும் பெயர்களோடும் அந்நாட்டுக் கல்லூரிகளில் வழங்கிய கையேட்டின் பெயரே அதற்கும் இடப்பட்டது. தமிழர் அதனை முகநூல் என்றனர். 2006 செத்தெம்பரில் பதின்மூன்று வயது நிறைந்த எவரும் அதிற் சேரலாம் என்னும் நிலை உண்டாயிற்று. ஒருவர் வேண்ட மற்றவர் இசைந்தால் இருவரும் 'நண்பர்' ஆவர். உடன்பிறந்தார், ஆசிரியர், அயல்வீட்டார், ஒருமுறை மண விழாவிற் கண்டவர், ஒருகாலுங் காணாதவர் ஆகிய அனைவர்க்கும் அப்பெயரே பெயர். ஒருவர் ஐயாயிரவர் வரை நண்பரைக் கொள்ளலாம் என்பது அத்தளத்தின் வரம்பு. 2009இல் 'விருப்பம்' என்னுங் குறி அங்கே புகுந்தது. நண்பர் பட்டியலினின்று ஒருவரை நீக்குதலைக் குறிக்கும் 'அன்ஃபிரெண்ட்' என்னும் வினைச்சொல்லைப் புதிய ஒக்ஸ்போட் அமெரிக்க அகராதியினர் ஆண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்ததும் அதே ஆண்டிலேயே. நட்புச் செய்தலும் நட்பு நீக்குதலும் ஒரு விரலசைவில் அடங்கிய காலம் அது.

இதனைப் பழிப்போர் பெரும்பாலும் கூறும் குற்றம், முகங்காணாது பழகும் உறவு உறவாகாது என்பதே. இக்குற்றச்சாட்டு மேலைநாட்டார்க்கு எளிதிற் பொருந்தும். அரிஸ்ரோட்டில் தம் 'நிக்கோமக்கிய ஒழுக்கவியல்' என்னும் நூலின் எட்டாம் ஒன்பதாம் பகுதிகளில் நட்பைப் பயன் கருதியது, இன்பம் கருதியது, நற்குணம் கருதியது என மூவகைப்படுத்தி, நண்பர்க்கு உடன்வாழ்தலே சிறப்பியல்பு என்றார்; நெடும்பிரிவு நட்பை மறப்பிக்கும் என்றுங் கருதினார். தமிழ்மரபு அவ்வாறு கூறவில்லை. திருக்குறளின் நட்பதிகாரத்து ஐந்தாங் குறள், நட்பிற்குக் கூடியிருத்தலும் பலகாற் பழகுதலும் வேண்டா, ஒத்த உணர்ச்சியே அமையும் என்று துணிகின்றது. ஆகவே சமூக ஊடக நட்பை ஆதரிப்போர் வள்ளுவரையே தமக்குத் துணையாக அழைக்கலாம். நூறு காவதத்துக்கு அப்பாலுள்ள ஒருவரோடு உணர்ச்சி ஒன்றுபடுதல் நட்பாயின், முகநூல் அதற்கு வாயில் திறந்துவிட்டதன்றோ என அவர் வினவலாம். சேய்மை ஒன்றையே காட்டி அவ்வினாவைத் தள்ளிவிடுதல் இயலாது. குறளைத் தொடர்ந்து படித்தே விடை காணல் வேண்டும்.

முதலில் நோக்கத்தக்கது 'உணர்ச்சி' என்னுஞ் சொல். இக்கால வழக்கில் அது உள்ளக்கிளர்ச்சியைக் குறிக்கும். ஒரு படத்தைக் கண்டவுடன் எழும் மகிழ்வும் ஒரு செய்தியைக் கண்டவுடன் எழும் சினமும் உணர்ச்சி எனப்படும். குறளில் அச்சொல் அறிவோடு கூடிய உணர்வின் ஒருமையைக் குறித்தது. பரிமேலழகர் நட்பிற்கு ஏதுவாவன ஒரு நாட்டினராதல், பலகாற் கண்டு பழகுதல், உணர்ச்சி ஒத்தல் என மூன்று எனப் பகுத்து, முன்னைய இரண்டும் இன்றியும் மூன்றாவது ஒன்றே அமையும் என்பதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டினார். அடுத்து நோக்கத்தக்கது, அவ்வுணர்ச்சி எதனைத் தருகின்றது என்பது. அது 'கிழமை'யைத் தரும் என்கின்றார் வள்ளுவர். கிழமையாவது உரிமை. உணர்ச்சி வித்து எனின் உரிமை அதன் விளைவு. உரிமை விளையாத உணர்ச்சியை அவர் நட்பு என்று கூறினாரல்லர். ஆதரிப்போர் குறளின் முற்பகுதியைக் கொண்டு பிற்பகுதியை மறந்துவிடுகின்றனர் எனல் பொருந்தும்.

அவ்வுரிமை யாது என்பதைப் புறநானூறு காட்டுகின்றது. பிசிராந்தையார் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினர். கோப்பெருஞ்சோழன் உறையூர் வேந்தன். இருவரும் ஒருவர் புகழை ஒருவர் கேட்டறிந்தனரேயன்றிக் கண்டாரல்லர். நும் அரசன் யாரென வினவியோர்க்குப் பாண்டிநாட்டுப் புலவர் சோழனையே தம் அரசனாகக் கூறினார். தன் புதல்வரோடு மாறுபட்ட சோழன் நாடு துறந்து வடக்கிருந்தபோது, பிசிராந்தையார் வருவார் எனக் கூறி அவர்க்கும் ஓரிடம் ஒழிக்குமாறு பணித்தான். கேள்வியளவிலே அறிந்த ஒருவர் வருவரோ என அருகிருந்தார் ஐயுற்றனர். செல்வக் காலத்து வாராதிருப்பினும் அல்லற் காலத்து வாராதிரார் என்பதே வேந்தன் விடை. அவ்வாறே அவர் வந்தார். ஒழித்த இடத்தில் இருந்து தாமும் உயிர்நீத்தார்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கவை இரண்டு உள. வேந்தன் அவரைத் தன் செல்வக் காலத்து எதிர்பார்த்திலன். காணவும் பரிசில் பெறவும் வாராமையைக் குறையாகக் கொண்டிலன். தன் அல்லலில் மட்டுமே அவர்மீது உரிமை பாராட்டினான். சமூக ஊடகமோ ஒருவரது செல்வக் காலத்துக்கே இயல்பாகப் பொருந்தியது. தேர்விற் சித்தி, புதுமனை, வெளிநாட்டுப் பயணம், மணக்கோலம் என்பனவே ஆங்கு மிகுதியும் காட்சிக்கு வருவன. நண்பர் கூட்டமும் அங்கேயே பெருகுகின்றது. மற்றையது, இடம் ஒழித்தல். வடக்கிருத்தற்குரிய இடம் பலர்க்கு உரியதன்று. அதில் ஒருவர்க்கென ஓரிடத்தை வெறிதாக விட்டுவைத்தலே அவர்க்குச் செய்யத்தக்க பெருஞ்சிறப்பு. அருகேயிருந்து பழகிய பொத்தியாரும் வேந்தனுக்கு நண்பரே. மகன் பிறந்தபின் வருக எனப் பணிக்கப்பட்டு மீண்ட அவரும் பின்னர் வந்து தமக்குரிய இடத்தைக் கேட்டுப்பெற்றார். சேய்மையிலிருந்தவரும் அண்மையிலிருந்தவரும் அவ்விடத்தில் ஒத்தனர். ஆதலின் தூரம் நட்பின் அளவுகோலன்று. கேட்கவும் கொடுக்கவும் உள்ள உரிமையே அளவுகோல்.

இடம் சிலர்க்கே உண்டென்பதை இக்கால ஆராய்ச்சியும் வலியுறுத்துகின்றது. 2011இல் பேஸ்புக் ஆய்வாளரும் பல்கலைக்கழகத்தாரும் கூடி 72 கோடிக்கு மேற்பட்ட பயனரின் தொடர்புகளைக் கணக்கிட்டபோது, ஒருவர்க்குச் சராசரி 190 நண்பர் உளரெனக் கண்டனர். ஆங்கில அறிஞர் ரொபின் டன்பார் 1992இல் மூளையின் அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்புநோக்கி, மனிதன் நிலையாகப் பேணத்தக்க உறவு ஏறத்தாழ 150 என்றார். அதனுள்ளும் ஐவர், பதினைவர், ஐம்பதின்மர் எனப் படிப்படியாக விரியும் வட்டங்கள் உண்டென்பது அவர் கொள்கை. 2016இல் ஐக்கிய இராச்சியத்திலுள்ள மூவாயிரவர்க்கு மேற்பட்டோரைக் கொண்டு அவர் வெளியிட்ட ஆய்வில், சமூக ஊடகத்தில் ஒருவர்க்குள்ள நண்பர் தொகை சராசரியாக 150ஐச் சிறிது கடந்து நின்றது. இடுக்கண் வந்துழி நம்பத்தக்கவர் என அவர்கள் எண்ணியவரோ ஏறத்தாழ நால்வரே. பட்டியல் நீண்டது, உள்வட்டம் நீளவில்லை. ஐயாயிரம் இடங்கள் விலையின்றிக் கிடைக்குமிடத்து ஒருவர்க்கென ஓரிடத்தை விட்டுவைத்தல் என்பதற்கே பொருளில்லை.

இனி, நட்பு உண்டாகும் முறையும் நீங்கும் முறையும் நோக்கத்தக்கன. வள்ளுவர் 79ஆம் அதிகாரம் முதல் 83ஆம் அதிகாரம் வரை நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீநட்பு, கூடாநட்பு என ஐந்து அதிகாரங்களில் ஐம்பது குறள்களை இப்பொருளுக்கு வழங்கினார். நட்பைப் புகழ்ந்த அதிகாரத்தை அடுத்தே நட்பாராய்தலை வைத்தமை கருதற்பாலது. ஆராயாது நட்புக் கொள்வதினுங் கேடில்லை என்றும், நட்புக் கொண்டபின் விடுதலை இல்லை என்றும் அவ்வதிகாரம் தொடங்குகின்றது. குணம், குடிமை, குற்றம், சுற்றம் என்பவற்றை அறிந்தே நட்கவேண்டும் என அது விரிக்கின்றது. புறப்பட அரிய இல்லத்துட் புகுவோன் வாயிலில் நின்று ஆராய்தல் இயல்பு. வெளியேற எளிய சந்தையுட் புகுவோன் ஆராய்வதில்லை. சமூக ஊடக நட்பு பின்னையதன் பாற்பட்டது. 2008 முதல், அறிந்தவராக இருக்கக்கூடியோரின் பெயர்களை முகநூல் தானே எடுத்து நீட்டுகின்றது. ஆராய்தல் மனிதனிடமிருந்து இயந்திரத்துக்குக் கைமாறியது. ஆயின் இயந்திரம் ஆராய்வது குணத்தையன்று, தொடர்பையே. நீக்குதலும் அவ்வாறே, நீக்கப்பட்டவர்க்கு அறிவித்தலும் இல்லை. பொருந்தாதார் நட்பை விலை கொடுத்தேனும் விடுக என வள்ளுவரும் கூறினார். விடுதலுக்கு ஒரு விலை உண்டென்றே அவர் கருதினார் என்பது அதனாற் பெறப்படும். விலையின்றிக் கொண்டதை விலையின்றி விடுதல் வாணிகத்திலும் அரிது. இங்கே அதுவே வழக்கு.

நட்பின் பயன் எது என்பதிலும் இரண்டும் வேறுபடுகின்றன. நகுதற்பொருட்டன்று நட்பு, நெறிகடந்தவிடத்து முற்பட்டு இடித்துரைத்தற்பொருட்டே என்பது வள்ளுவர் முடிபு. அழுமாறு இடித்துக் கூற வல்லாரை ஆராய்ந்து கொள்க என நட்பாராய்தலிலும் அதனையே வற்புறுத்தினார். 'விருப்பம்' என்னுங் குறி ஒன்றே நெடுங்காலம் முகநூலில் விடையாக அமைந்தது. 2016இல் அன்பு, சிரிப்பு, வியப்பு, துயர், சினம் என்பவற்றின் குறிகளும் சேர்ந்தன. இடித்துரைத்தற்கு உரிய குறி ஒன்றும் இன்றுவரை இல்லை; இருத்தலும் இயலாது. இடித்துரைத்தல் தனியிடம் வேண்டுவது. பலர் காண ஒருவரைத் திருத்தப் புகுந்தால் அது திருத்தமாகாது பழியாகிவிடும். வீட்டில் நெருங்கியிருந்து மன்றில் பழிப்பாரது தொடர்பு சிறிதும் வேண்டா எனத் தீநட்பதிகாரம் விலக்கியதும் இதுபற்றியே. ஊடகத்தில் எல்லா இடமும் மன்றாகவே உள்ளது. அதனால் நல்ல நண்பன் அங்கே வாய்மூடி இருக்க, நண்பனல்லாதவனே வாய்திறக்கின்றான்.

நட்பதிகாரத்தின் இறுதிக் குறள் இக்காலத்துக்கென்றே எழுதியது போன்றது. இவர் எமக்கு இத்தன்மையர், யாம் இவர்க்கு இத்தன்மையேம் எனப் புனைந்து கூறினும் நட்புப் பொலிவிழக்கும் என்பது அதன் கருத்து. புனைந்துரை பொய்யாயிருத்தல் வேண்டும் என வள்ளுவர் கூறவில்லை. மெய்யேயாயினும் எடுத்துரைத்த அளவில் நட்பின் ஒளி மங்கும் என்றார். எடுத்துரைத்தற்குக் கேட்போன் ஒருவன் வேண்டும், அவன் மூன்றாமவன். பிறந்தநாள் தோறும் நட்பின் பெருமை படங்களோடு பலர்முன் விரிக்கப்படுங்கால், வாழ்த்தப்படுபவர் ஒருவர், வாழ்த்தைக் காண்போர் நூற்றுவர். நண்பனை நோக்கிய சொல்லாயினும் அது பிறர் செவியை நாடியே செல்கின்றது.

அம்மூன்றாமவருள் தலையாயவர் ஊடக நிறுவனத்தாரே. அவர்தம் வருவாயின் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. மக்கள் ஆங்குத் தங்கும் நேரமே அவர்க்கு முதல். எந்நண்பர் கூறியதை எவர் எப்போது காண்பது என்பதை அவர்களே வகுக்கின்றனர். 2012 சனவரியில் ஒரு வாரம், 689,003 பயனர்க்குத் தம் நண்பர் இடுகைகளுள் மகிழ்வு தோன்றுவனவற்றையோ துயர் தோன்றுவனவற்றையோ குறைத்துக் காட்டி, அவர்தம் எழுத்தில் உண்டாகும் மாற்றத்தை பேஸ்புக் ஆராய்ந்தது. கண்ட விளைவு மிகச் சிறிது. ஆயினும் 2014இல் அது வெளியானபோது, தனியே இசைவு பெறாது செய்தமை பற்றிக் கண்டனம் எழுந்தது. அளவு சிறிதாயினும் அது காட்டிய உண்மை பெரிது: நண்பனது துயரைக் காண்பதும் காணாதொழிவதும் அவனிடமும் இல்லை, நண்பனிடமும் இல்லை.

இவ்வளவுங் கொண்டு சமூக ஊடகம் நட்புக்குப் பகையே எனத் துணிதல் நடுவுநிலைமை ஆகாது. மிச்சிகன் அரச பல்கலைக்கழக மாணவர் 286 பேரைக் கொண்டு 2007இல் வெளியான ஆய்வொன்று, முகநூலைப் பயன்படுத்துதலுக்கும் நெருக்கமற்ற பலரோடுள்ள தொடர்பு பெருகுதலுக்கும், பழைய பாடசாலைத் தோழரோடு தொடர்பு அறாதிருத்தலுக்கும் இயைபு உண்டெனக் கண்டது. யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வுண்மை ஆய்வின்றியும் விளங்கும். 1983இன் பின் ஒரே வகுப்பில் இருந்தோர் இலண்டன், ரொறன்ரோ, பரிஸ், மெல்பேண் எனச் சிதறினர். 1990களின் முற்பகுதியில் மின்சாரமும் தொலைபேசியும் இன்றி, கடிதம் ஒன்று வந்துசேர மாதங்கள் செல்லும் நிலை குடாநாட்டில் இருந்தது. அக்காலத்து அறுந்த இழைகள் பல, முப்பது ஆண்டுகளின் பின் ஒரு வட்ஸ்அப் குழுவில் மீண்டும் முடியப்பட்டன. ஒருவரது நோய்ச்செய்தி ஒரே இரவில் நான்கு கண்டங்களிலுள்ள வகுப்புத்தோழரைச் சென்றடைய, சிகிச்சைக்குரிய பொருள் சேர்வதும் உண்டு.

இங்கு நிகழ்வது யாது? ஊடகம் நட்பைப் படைத்ததன்று. முன்னரே வகுப்பறையிலும் விளையாட்டிடத்திலும் விடுதியிலும் விளைந்த உரிமைக்கு வழி திறந்தது. இதனைப் 'பழைமை' என்னும் அதிகாரத்தின்பாற் படுத்தல் பொருந்தும். நெடுநாட் பழகிய உரிமையாற் செய்வனவற்றைத் தடையின்றி ஏற்றலே பழைமை. கேளாது எடுத்துக்கொள்ளினும் நண்பன் சினவான். அவ்வுரிமை முன்பே உள்ளவிடத்து ஊடகம் பிசிராந்தையார் தூதுவிட்ட அன்னத்தினும் விரைந்த தூது. அவ்வுரிமை இல்லாதவிடத்து, எத்துணை விரைந்த தூதும் கொண்டுசெல்லும் செய்தி ஏதுமில்லை. உடை நெகிழ்ந்தவனது கை எவ்வளவு விரைந்து செல்லுமோ அவ்வளவு விரைந்து இடுக்கண் களைவது நட்பு என உவமை கூறினார் வள்ளுவர். இக்காலத்தில் செய்தி அவ்வாறு விரைகின்றது என்பதில் ஐயமில்லை. கை விரைகின்றதா என்பதே வினா. கேடும் ஒருவகையில் நன்று, அது கிளைஞரை அளக்குங் கோலாகும் எனவும் அவர் கூறினார். அக்கோலை நீட்டும்போது துயர்க்குறி இட்ட இருநூற்றுவரையும், பேருந்தேறி வந்து மருத்துவமனை வாயிலில் நின்ற ஒருவரையும் ஒரே பெயரால் அழைத்தல் தகுமா?

கூடாநட்பு என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் முகத்தான் நட்பதையும் அகத்தான் நட்பதையும் பிரித்தோதினார். பகைவர் நண்பராக நேருங்காலத்து முகநட்பை மேற்கொண்டு அகநட்பைத் தவிர்க்க என்பது அவர் அறிவுரை. முகநட்பை அவர் முற்றும் கடிந்தாரல்லர். உலகியலில் அதற்கும் ஓரிடம் உண்டென ஒப்பினார். ஆயின் ஒன்றின் பெயரால் மற்றொன்று மயங்குதலை அவர் உடன்படவில்லை. சமூக ஊடகத்தின் தீங்கு, அது முகநட்பை வளர்த்தமையன்று. முகநட்புக்கும் அகநட்புக்கும் ஒரே பெயரிட்டு வேறுபாட்டை மறைத்தமையே. அப்பெயரையே கேட்டு வளரும் மாணவன் தன்னைச் சூழ நண்பர் பலர் உளர் எனக் கருதுவான். இடுக்கண் வந்த நாளில் எவரையும் காணாது, நட்பு என்பதே பொய் எனத் துணிவான். பொய்த்தது நட்பன்று, பெயரே என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் வேண்டும்.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இதிற் கடமை உண்டு. கைப்பேசியைப் பறித்தல் எளிது. பறித்த கையில் வேறொன்றை வைத்தலே அரிது. நட்பாராய்தலைத் தேர்வுக்குரிய மனப்பாடமாக மட்டும் நிறுத்தாது, அதன் வினாக்களை மாணவர் தம் நண்பர் பட்டியலின்மீது தாமே செலுத்துமாறு பழக்குதல் வேண்டும். தவறியபோது தனியே அழைத்துக் கடிந்தவர் எவர், தான் எவர்பொருட்டுத் தன் வசதியை இழந்து ஒருமுறையேனும் சென்றான் என அவன் எண்ணிப்பார்ப்பானாயின், விடையாக வரும் பெயர்கள் மிகச் சிலவாகவே இருக்கும். அவற்றுட் சில கடல்கடந்த ஊரினவாகவும் இருக்கலாம். அச்சிலவே நட்பு. ஏனையவை அறிமுகம் என்னும் தம் பெயரோடு நன்கு வாழ்க. அறிமுகம் இழிந்ததன்று; ஆயினும் கோப்பெருஞ்சோழன் இடம் ஒழித்து வைத்தது அதன்பொருட்டன்று.